பைக் ஹெட்லைட்: பல்பு வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: என் பைக்கில் இருப்பது சாதாரண எச்4 ஹாலஜன் பல்பு, 60/55 வாட் (பிரைட்டில் 60, டிம்மில் 55). இரவில் டிம்மில் போனால், வண்டி இறங்கிய பிறகுதான் குழி இருந்ததே தெரிகிறது. 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார் ஒரு நண்பர், எல்இடி போடச் சொல்கிறார் இன்னொருவர். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒரு மல்டிமீட்டர் மட்டும் தேடிப் பிடியுங்கள், உங்கள் மெக்கானிக்கிடம் கட்டாயம் இருக்கும். இன்ஜினை ஓடவிட்டு, டிம் விளக்கைப் போட்டு, பேட்டரியின் இரு முனைகளில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அப்புறம் ஹெட்லைட்டைக் கழற்றி, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனைகளை நுழைத்து அங்கேயும் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8 காட்டி பல்பில் 12 மட்டும் காட்டினால், நடுவில் காணாமல் போன 1.8 வோல்ட் தேய்ந்த ஸ்விட்சிலும் மெல்லிய வயரிலும் துருப்பிடித்த எர்த்திலும் (மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சூடாக வீணாகிறது என்று அர்த்தம்.

அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் ஃபிலமென்ட் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், ஒரு ரிலே போடுங்கள். ரிலே இருந்தால் பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக, தடிமனான வயரில் நேராகப் போகும். ஹேண்டில்பார் ஸ்விட்ச் ரிலேயை இயக்குவதோடு சரி. பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கு இந்த வேலையே போதும், வேறு செலவு தேவைப்படாது.

100/90 வாட் பல்பை மறந்துவிடுங்கள். 55 வாட் இழுக்கும்போதே திணறுகிற வயரில் 90 வாட் இழுத்தால் வோல்டேஜ் இன்னும் சரியும், ஹோல்டர் உருகும், பல்பின் வெளிச்சத்தைச் சாலைக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டர் பிளாஸ்டிக் என்றால் அதுவும் பொசுங்கும். பல நாடுகளில் பொதுச் சாலையில் இதற்கு அனுமதியும் கிடையாது.

ஹெட்லைட்டைக் கழற்றிய கையோடு ரிஃப்ளெக்டரையும் ஒரு பார்வை பாருங்கள். மங்கிப் போயிருந்தாலோ, உரிந்திருந்தாலோ எந்தப் பல்பு போட்டும் பயனில்லை, விளக்கையே மாற்ற வேண்டும். துணியால் துடைத்துப் பளபளப்பாக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உள்ளே இருப்பது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, துடைத்தால் துணியோடு வந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால், அதே 60/55 வாட்டில் பெயர்பெற்ற கம்பெனிகள் விற்கும் '+100%', '+150%' வகைப் பல்பை முயன்று பார்க்கலாம். மொத்த வெளிச்சம் இரண்டு மடங்காகிவிடாது, சாலையின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் கூடுதலாக விழும் என்பதுதான் அந்தச் சதவீதம். ஆயுளும் குறைவு. நீலப் பூச்சுள்ள பல்பு வேண்டாம், அந்தப் பூச்சே வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும்.

கேள்வி: எச்4 ஹோல்டரில் அப்படியே பொருந்தும் எல்இடி பல்பு பார்த்தேன். 20,000 லூமென்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். லூமென்ஸ் என்பது பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. தரமான எச்4 ஹாலஜன் தருவது பிரைட்டில் சுமார் 1,650 லூமென்ஸ், டிம்மில் சுமார் 1,000. எல்இடி பல்பு ஒரு வாட்டுக்கு 100 லூமென்ஸ் தந்தாலே நல்ல பல்பு என்று சொல்லலாம். அப்படிப் பார்த்தால் 25 வாட் எல்இடி பல்பு தருவது 2,500, எப்படி 20,000 தரும்? கணக்கு எங்கேயும் போய்ச் சேராது.

லூமென்ஸை விட முக்கியமான விஷயம் வேறு இருக்கிறது. உங்கள் பழைய எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள் (கண்ணாடியைத் தொடாமல், விரலின் எண்ணெய் பட்டால் அந்த இடம் அதிகம் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும்). உள்ளே இரண்டு ஃபிலமென்ட் இருக்கும். முன்னால் இருக்கும் டிம் ஃபிலமென்டுக்கு அடியில் கரண்டி போல ஒரு சின்னத் தகடு தெரியும். டிம் எரியும்போது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் தடுப்பது அதுதான். மேல்பாதியில் பட்ட வெளிச்சம் மட்டும் திரும்பிச் சாலைக்கு இறங்குகிறது. எதிரே வருபவர் கண் கூசாமல் வெளிச்சம் மேலே ஒரு விளிம்போடு நிற்பதும் அதனால்தான்.

ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த ஃபிலமென்ட் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்இடி பல்பில் ஒளி தரும் சிப்புகள் அதே இடத்தில் இல்லாவிட்டாலோ, அவை ஒட்டியிருக்கும் தகடு தடிமனாக இருந்தாலோ, வெளிச்சம் கண்ட இடத்துக்கும் சிதறும். மரக்கிளை நன்றாகத் தெரியும், சாலை தெரியாது. வாங்குவதானால் மெல்லிய தகடு, பல்பைச் சுழற்றிச் சரிசெய்யும் வசதி, இந்த இரண்டையும் பாருங்கள். மாட்டியதும் சிப்புகள் இடமும் வலமும் பார்த்திருக்க வேண்டும். பின்பக்கம் இருக்கும் ஃபேனுக்கு விளக்குக்குள் இடம் இருக்கிறதா என்பதையும் முன்பே அளந்துவிடுங்கள்.

திருப்பித் தரலாம் என்று எழுத்தில் சொல்லும் இடத்தில் மட்டுமே வாங்குங்கள். மாட்டிய அன்று இரவே ஒரு சுவரின் முன் நிறுத்தி, ஹாலஜனில் எப்படி விழுந்தது, இதில் எப்படி விழுகிறது என்று ஒப்பிடுங்கள். மேல் விளிம்பு கலங்கித் தெரிந்தால் மறுநாளே திருப்பி அனுப்புங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் இப்படி மாற்ற விடுகிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: வெள்ளை எல்இடி மாட்டிய பிறகு பக்கத்தில் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் தூரத்தில் முன்பைவிட மோசம். மழை பெய்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஏன்?

பதில்: காரணம் அந்தப் பளிச்சுதான். முன் சக்கரத்துக்கு அருகே அதிக வெளிச்சம் விழுந்தால் கண் அதற்குப் பழகிக்கொண்டு பாவை சுருங்கும். அப்புறம் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத்தான் தெரியும். நல்ல விளக்கு பக்கத்தில் சற்று அடக்கமாகவும் தூரத்தில் அழுத்தமாகவும் விழ வேண்டும். வாங்கும்போது பலரும் காலடி வெளிச்சத்தைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள்.

நிறமும் ஒரு காரணம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக்கூட நீலம் கூடும். ஹாலஜன் சுமார் 3,200 கெல்வின், நீங்கள் போட்டது அநேகமாக 6,000 அல்லது 6,500. நீலம் கலந்த இந்த வெள்ளை பலருக்கு அதிகமாகக் கூசும், ஈரச் சாலையில் கண்ணும் சீக்கிரம் களைத்துப்போகும். 4,300 முதல் 5,000 வரை கிடைத்தால் அதை எடுங்கள்.

அதோடு விளக்கின் உயரத்தையும் சரிபாருங்கள். பல்பு மாற்றினால் இதைச் செய்தே ஆக வேண்டும், யாரும் செய்வதில்லை. சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, நீங்கள் வழக்கம்போல் உட்கார்ந்துகொள்ளுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பின்னால் ஒருவர் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து வெளிச்சம் மேலே தூக்கும். அடிக்கடி இருவராகப் போவீர்கள் என்றால் அவரையும் உட்காரவைத்தே சரிசெய்யுங்கள்.

கேள்வி: என்னுடையது பழைய சின்ன பைக். ஆக்சிலரேட்டர் முறுக்கினால் விளக்கு பிரகாசமாகிறது, விட்டால் மங்குகிறது. எல்இடி போட்டால் மினுக்குகிறது.

பதில்: உங்கள் வண்டியில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடவில்லை, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டரிலிருந்து நேராக ஏசி மின்சாரத்தில் (மாறிமாறித் திசை மாறும் மின்சாரம்) ஓடுகிறது. முதலில் அதை டிசிக்கு, அதாவது பேட்டரி தருவது போல ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்கு, மாற்ற வேண்டும். அதற்கேற்ற ரெகுலேட்டர், சில வண்டிகளில் ஸ்டேட்டர் வேலையும் தேவைப்படும். விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மட்டும் கொடுங்கள். பல்பின் வகையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: சின்ன பைக்குகளில் வரும் எச்எஸ்1 பார்க்க எச்4 போலவே இருக்கும், ஆனால் 35/35 வாட்தான். அதில் 60 வாட்டைத் திணிக்காதீர்கள்.

கேள்வி: பல்பை மாற்றாமல் தனியாக இரண்டு ஸ்பாட் லைட் மாட்டலாமா?

பதில்: நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவர் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். கம்பெனி விளக்கு அப்படியே இருக்கும், தேவைப்படும்போது மட்டும் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். ஸ்பாட் லைட் பிரைட்டோடு சேர்ந்து எரிந்து, டிம் போட்டதும் தானாக அணையும்படி ரிலே வைத்து இணைக்கச் சொல்லுங்கள். தனி ஸ்விட்ச் மட்டும் வைத்தால் எதிரே வண்டி வரும்போது அணைக்க மறந்துவிடும்.

மாட்டும் முன் உங்கள் வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தாங்குமா என்று பாருங்கள். எல்லா விளக்கையும் போட்டு, மிதமான வேகத்தில் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் பேட்டரி காலியாகிறது, சின்ன வாட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: முழு எல்இடி ஹெட்லைட் செட்டாகவே மாற்றினால்?

பதில்: பட்ஜெட் இடம் கொடுத்தால் அதுதான் சரியான வழி. அதன் லென்ஸும் ரிஃப்ளெக்டரும் எல்இடிக்காகவே செய்தவை. 7 அங்குல வட்ட விளக்குள்ள வண்டிகளுக்கு நிறையக் கிடைக்கிறது. கண்ணாடியில் வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள், அது ஐநா வாகன விதிகளின்படி ஒப்புதல் பெற்றதைக் காட்டும் முத்திரை. ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: நல்ல விளக்கு போட்டாயிற்று. இனி இரவில் 80, 90-இல் போகலாமா?

பதில்: 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. எதையோ பார்த்து பிரேக்கில் கை வைக்க ஒன்றரை நொடி ஆனால் 25 மீட்டர் போயாயிற்று. காய்ந்த சாலையில் நிற்க இன்னொரு 25 மீட்டர். டிம் விளக்கு தெளிவாகக் காட்டும் தூரமே பெரும்பாலும் 50, 60 மீட்டர்தான், கறுப்புச் சட்டை போட்டு நடப்பவர் இன்னும் கிட்டே வந்தால்தான் தெரிவார். டிம்மில் 60 வரை. பிரைட் போட வழியிருக்கும் காலிச் சாலையில் கொஞ்சம் கூட்டலாம். கீறல் விழுந்த வைசரையும் மாற்றிவிடுங்கள், எதிர் விளக்கு பட்டால் ஒவ்வொரு கீறலும் தனித்தனியாக மின்னும்.