அறையில் இல்லாதவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு டீம் லீடாக இருக்கிறேன். இந்த அப்ரைசலில் ஒருவருக்காவது ஆகக் குறைந்த ரேட்டிங் போட்டே ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்கு உரியவர் என் குழுவில் யாரும் இல்லை. மேனேஜர் தனியாக அழைத்துப் பேசினார். மிரட்டவில்லை. தனக்கிருக்கும் நெருக்கடியைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. பாவமாக இருந்தது. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண்ணின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. பிறர் உணர்ச்சியைப் புரிந்து நடப்பதுதான் உணர்வுசார் நுண்ணறிவு என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நான் அப்படித்தானே நடந்தேன்? இறுதிப் பட்டியல் அடுத்த வாரம் போகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

மேனேஜரின் மனதைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். உங்கள் மனதைப் படிக்காமல் விட்டுவிட்டீர்கள்.

பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரு உளவியலாளர்கள் 1990இல் உணர்வுசார் நுண்ணறிவைப் பற்றி எழுதியபோது, தன் உணர்ச்சி, பிறர் உணர்ச்சி இரண்டையும் கவனித்து, பிரித்தறிந்து, அதைக் கொண்டு யோசிக்கவும் நடக்கவும் தெரிவதே இந்தத் திறன் என்றார்கள். ‘தன் உணர்ச்சி’ என்ற பாதி பயிற்சி வகுப்புகளில் எப்படியோ தேய்ந்துவிடுகிறது. அந்தப் பெயரை எழுதும்போது உங்களுக்குள் ஏதோ நெருடியிருக்கும். இல்லாவிட்டால் தூக்கம் போயிருக்காது. இரக்கம் வந்து அந்த நெருடலை மூடிவிட்டது.

இரக்கம் கண்ணெதிரே இருப்பவர் பக்கம்தான் முதலில் சாயும். மேனேஜரின் உடைந்த குரல் உங்கள் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணின் குரல் விழவில்லை, ஏனென்றால் அவள் அந்த அறையில் இல்லை.

1986 ஜனவரி 27 இரவு நடந்த ஒரு தொலைபேசிக் கூட்டம் அடிக்கடி என் நினைவுக்கு வரும். மறுநாள் காலை நாசாவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். கடுங்குளிர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இந்தக் குளிரைத் தாங்காது, ஏவ வேண்டாம் என்று, அந்த ராக்கெட்டைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர் ராஜர் பாய்ஸ்ஜோலியும் சக பொறியாளர்களும் மன்றாடினார்கள். முந்தைய பயணங்களில் சேதம் நடந்ததற்கான படங்களை பாய்ஸ்ஜோலி மேலதிகாரிகளின் முன்னால் எடுத்து வைத்தார். முதலில் அவர்கள் சொன்னதை ஒப்புக்கொண்ட பொறியியல் துணைத்தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் அவருக்கு மேலே இருந்தவர். அவரும் மாறினார். மறுநாள் கிளம்பிய 73ஆவது விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். வாடிக்கையாளரான நாசாவின் எரிச்சல் அந்த இரவில் எல்லோர் காதிலும் விழுந்தது. அந்த ஏழு பேர் அந்தப் பேச்சில் இல்லை.

உங்கள் விஷயம் அவ்வளவு பெரியதல்ல. ஆனால் மனம் நழுவுகிற இடம் ஒன்றுதான். எனக்கும் அது தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தூக்கமில்லாமல் கண் சிவந்து வந்த என் மேலாளர், சரக்குப் பதிவேட்டில் 14 என்றிருந்த தேதியை 9 ஆக்கச் சொன்னார். ‘உன்னை நம்பித்தான் வந்தேன்’ என்றார். மாற்றினேன். பத்து நாள் கழித்து, கிடங்கைப் பார்த்துக்கொண்ட பெரியவரிடம் அந்தத் தேதிக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. அதை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே, ‘ஒன்பதாம் தேதி நான் லீவுலகூட இல்லையே தம்பி’ என்று என்னிடமே வந்து சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அந்தக் காகிதம் மடிகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

சரி, உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. மேனேஜரை மறுபடி பாருங்கள். சண்டைக்கு அல்ல. ‘உங்கள் நெருக்கடி புரிகிறது. ஆனால் இவர் வேலைக்கு இந்த ரேட்டிங் பொருந்தாது, நான் கொடுத்ததைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று சொல்லுங்கள். அந்தப் பெண் முடித்த வேலைகளை வரிசையாக எழுதி மெயிலிலும் அனுப்புங்கள். மேலே கேள்வி வந்தால் மேனேஜருக்கும் கையில் பிடித்துக்கொள்ள அது உதவும். உங்களுக்குக் கொஞ்சம் கெட்ட பெயர் வரலாம். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

அதையும் மீறி ரேட்டிங் அப்படியே போய்விட்டால், எச்.ஆர். மெயில் போவதற்கு முன் அந்தப் பெண்ணை உட்காரவைத்து நீங்களே சொல்லுங்கள், முதலில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தது நீங்கள்தான் என்பதையும் சேர்த்து.