சிறிய நாடு ஒன்று உலக அரங்கில் நிலைத்து நிற்பது எப்படி?

ஒரு சிறிய நாடு உலக அரங்கில் மதிப்பிழக்காமலும், தன் இயற்கை வளங்களை அழித்துவிடாமலும் வளர்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பொது விதிகளை அடுக்குவதைவிட, பல காலமாக நான் கவனித்துவரும் சிங்கப்பூரை வைத்தே பதில் சொல்ல விரும்புகிறேன். அதன் துறைமுகத்தையும் வங்கிகளையும் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். என் பார்வையில் உங்கள் கேள்விக்கான விடை அங்குள்ள குடிநீரில் இருக்கிறது.

1942 ஜனவரி இறுதியில், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர், இன்றைய மலேசியாவிலுள்ள ஜோகூரைச் சிங்கப்பூருடன் இணைக்கும் தரைப்பாலத்தைத் தகர்த்தபோது, அதன் வழியே வந்த நீர்க்குழாயும் அறுந்தது. அடுத்த மாதம் நகரம் ஜப்பானியரிடம் சரணடைந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம். 1965இல் தனி நாடானபோதும் நிலைமை மாறவில்லை. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம். அதன் காலம் 2061இல் முடிகிறது. அண்டை நாட்டுடன் கசப்பு வரும்போதெல்லாம் குடிநீரும் பேசுபொருளாகிவிடும் என்ற அச்சத்தோடு எந்த நாடும் தலைநிமிர்ந்து வெளியுறவு நடத்த முடியாது.

அந்த அச்சம்தான் அவர்களை இயற்கையை மதிக்கவைத்தது என்று நான் நம்புகிறேன். 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். பன்றிப் பண்ணைகளும் ஆற்றோரக் கடைகளும் இடம்பெயர்க்கப்பட்டன. அதில் பலர் பரம்பரைத் தொழிலை இழந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மழைநீரைச் சேகரித்து நீர்த்தேக்கங்களுக்கு அனுப்பும் பகுதியாக இருக்கிறது. 2008இல் திறக்கப்பட்ட மரினா தடுப்பணை, நகரின் நடுவிலேயே ஒரு நன்னீர்த் தேக்கத்தை உருவாக்கியது.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, கழிவுநீரை மீண்டும் தூய்மையாக்கும் நியூவாட்டர் திட்டம். 1974இலேயே சோதனை ஆலை அமைத்துப் பார்த்தார்கள். செலவு மிகுந்ததாலும் நீரை வடிகட்டும் சவ்வுகள் நம்பகமாக இல்லாததாலும் அதைக் கைவிட்டார்கள். ஆனால் எண்ணத்தைக் கைவிடவில்லை. தொழில்நுட்பம் முதிர்ந்தபின் 1998இல் மீண்டும் கையில் எடுத்து, நுண்வடிகட்டல், ஆர்.ஓ., புறஊதாக் கதிர் ஆகிய நிலைகளைக் கடந்துவரும் நீரை 2003 முதல் வழங்கத் தொடங்கினார்கள். அந்த நீரின் பெரும்பகுதி வீடுகளுக்குப் போவதில்லை. மிகத் தூய நீர் தேவைப்படும் கணினிச் சிப் தொழிற்சாலைகளுக்கே போகிறது. உலகப் பொருளாதாரத்துக்கு இன்றியமையாத ஒரு தொழிலை, நீர்வளமற்ற ஒரு தீவு தன் கழிவுநீரை வைத்துத் தக்கவைத்துக்கொள்கிறது. உலகத்துக்குத் தேவைப்படுவதும் நீடித்த வளர்ச்சியும் அங்கே ஒரே வேலையாகிவிட்டன.

தண்ணீருக்கு உரிய விலை வைத்ததும் இதில் அடங்கும். 1991இல் கொண்டுவந்த நீர்ச் சேமிப்பு வரியைத் தேர்தலுக்காக எவரும் ரத்துசெய்யவில்லை.

உள்நாட்டில் நீர் என்றால், வெளியுறவில் அவர்கள் பிடித்துக்கொண்டது சட்டத்தை. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினம் நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர். பின்னிலம், அதாவது துறைமுகத்துக்குப் பொருளும் வணிகமும் தரும் உள்நாட்டுப் பகுதி, இல்லாத தீவுக்கு உலகமே பின்னிலமாக வேண்டும் என்று 1972இலேயே அவர் வாதிட்டார். கப்பல்கள் தடையின்றிச் சென்றால்தான் பிழைக்க முடியும் என்பதால், 1982இல் நிறைவேறிய கடல் சட்ட உடன்படிக்கைக்கான மாநாட்டின் நிறைவுக் கட்டத்துக்குச் சிங்கப்பூர்த் தூதர் டாமி கோ தலைமை தாங்கினார். 2023இல் ஆழ்கடல் பல்லுயிர்களைக் காக்கும் ஒப்பந்தப் பேச்சுக்கும் சிங்கப்பூரின் ரெனா லீதான் தலைவர். 1992இல் ஐ.நா.வில் சிறு நாடுகளின் மன்றத்தைத் தொடங்கியதும் இந்நாடுதான். மலேசியாவுடனான பெட்ரா பிராங்கா தீவுத் தகராறு அனைத்துலக நீதிமன்றத்துக்குச் சென்றது; 2008இல் வந்த தீர்ப்பு தீவைச் சிங்கப்பூருக்கும் அருகிலிருந்த பாறைத்திட்டை மலேசியாவுக்கும் தந்தது. வலிமை குறைந்தவருக்கு விதிகளே அரண் என்பதைச் சொல்வது எளிது. வழக்கில் ஒரு பகுதியை இழக்கவும் தயாராக இருப்பவரே அதை நம்பும்படி சொல்ல முடியும்.

ஆயினும் இதை முழுமையான முன்மாதிரியாக நான் காட்ட மாட்டேன். ஜூரோங் தீவில் எண்ணெய் சுத்திகரிப்பும் பெட்ரோகெமிக்கல் தொழிலும் இன்னும் பெரிய வருவாய் ஈட்டுகின்றன. மின்சாரத்தின் மிகப் பெரும்பகுதி இறக்குமதி செய்யும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. குப்பையை எரித்த சாம்பலைக் கொட்டும் செமாக்காவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அவர்களே கணித்திருக்கிறார்கள். நகரைக் கட்டியெழுப்பும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், நம்மவர் பலரும் உட்பட, எவ்வளவு நெருக்கடியான விடுதிகளில் வாழ்ந்தார்கள் என்பதைக் கொரோனா காலம் உலகுக்கே காட்டியது. அவர்களைக் கணக்கில் சேர்க்காத வளர்ச்சியை நீடித்த வளர்ச்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

எரிசக்தியிலும் சில அடிகள் எடுத்துவைத்திருக்கிறார்கள். 2019இல் ஒரு டன் கார்பன் வெளியீட்டுக்கு 5 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலராக) தொடங்கிய கார்பன் வரி 2024இல் 25 வெள்ளியானது. 2022 முதல் லாவோஸின் நீர்மின்சாரத்தைத் தாய்லாந்து, மலேசியா வழியாகப் பெற்றுப் பார்த்தார்கள். தண்ணீரில் காட்டிய பிடிவாதத்தை இங்கே அவர்கள் இன்னும் காட்டவில்லை என்பது என் கணிப்பு. எரிபொருள் வருவாய் கையில் இருப்பதும், குழாய் அறுந்த 1942 போன்ற ஒரு நெருக்கடி அவர்களுக்கு இத்துறையில் நேராததுமே அதற்குக் காரணமாக இருக்கலாம்.