சலீமின் வெறுங்கால்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் செல்டிக் கால்பந்து கிளப்புக்காக 1936-ல் ஆடிய முகமது சலீம் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அவர் வெறுங்காலில் ஆடுவதற்காக ஒருவர் குனிந்து காலில் துணி சுற்றிவிடும் புகைப்படம் அதில் இருந்தது. இரண்டே ஆட்டம் ஆடிவிட்டு, ஊர் நினைப்பு தாங்காமல் கல்கத்தா திரும்பிவிட்டாராம். பூட்ஸ் வாங்க வழியில்லாத நாட்டிலிருந்து போனவர், கிடைத்த வாய்ப்பையும் விட்டுவிட்டாரே என்று வருத்தமாக இருந்தது. அங்கேயே இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார் இல்லையா?

எஸ்.எம்., திருச்சி

அன்புள்ள எஸ்.எம்.,

அந்தப் படம் உண்மைதான். துணி சுற்றிவிடுபவர் செல்டிக்கின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி. ஆனால் சலீமின் வாழ்க்கையை அந்தப் படத்திலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும்.

கல்கத்தா கால்பந்து லீக் 1898-ல் தொடங்கியது. 1933 வரை ஒரு இந்திய அணிகூட அதை வென்றதில்லை. ராணுவ ரெஜிமென்ட்களும் வெள்ளையர் கிளப்களும் மாறி மாறி எடுத்துக்கொண்டன. முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இடமில்லை என்ற விதியே பல வருடம் இருந்தது. 1911-ல் கல்கத்தாவின் இந்திய அணியான மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பையை வென்றதை எல்லோரும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் ஷீல்டு நாக்-அவுட் போட்டி, தோற்றவர் வெளியேற வேண்டியதுதான். லீக் என்றால் மாதக்கணக்கில் எல்லா அணிகளோடும் மோதித் தாக்குப்பிடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் கடினம்.

1934-ல் முதல் டிவிஷனுக்கு ஏறிவந்த முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற கல்கத்தாவின் இந்திய அணி அதே வருடம் லீக்கை வென்றது. அப்புறம் 1938 வரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவே இல்லை, தொடர்ந்து ஐந்து வருடம். கல்கத்தாவின் மெட்டியாப்ரூஸில் பிறந்த சலீம் அந்த அணியின் வலது விங்கில், அதாவது வலது ஓரத்துத் தாக்குதல் ஆட்டக்காரராக ஆடினார். அவருடைய வாழ்க்கையின் உச்சம் இதுதான்.

வெறுங்கால் விஷயத்துக்கு வருகிறேன். அதை வெறும் ஏழ்மையாகப் பார்க்காதீர்கள், அது ஒரு ஆட்டமுறை. பந்தை விரல்களால் உணர்ந்து ஆடிப் பழகியவர்கள் அவர்கள். காய்ந்த தரையில் அது பலம். ஆனால் லீக் நடப்பது மழைக்காலத்தில். மைதானம் சேறானால் பூட்ஸ் போட்டவன் நிற்பான், வெறுங்கால்காரன் வழுக்குவான். இத்தனை வருடத் தோல்விக்கு அதுவும் ஒரு காரணம். முகமதன் நிர்வாகம் அதைப் புரிந்துகொண்டு, ஈரத் தரையில் பூட்ஸ் போட்டு ஆட வீரர்களைப் பழக்கியது. அந்த அணியிலிருந்து போன சலீமுக்கு பூட்ஸ் தெரியாமல் இல்லை. வெறுங்கால்தான் அவருக்கு வசதி. அதை செல்டிக்கின் ஊரான கிளாஸ்கோவிலும் மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் அங்கே போன கதையும் சுவாரசியமானது. பெர்லின் ஒலிம்பிக்ஸுக்குப் போகும் வழியில் சீன அணி கல்கத்தாவில் ஆடியது. முதல் ஆட்டத்தில் சலீம் இருந்தார், இரண்டாவது ஆட்டத்துக்கு ஆளைக் காணோம். கப்பலேறிவிட்டார்! ஸ்காட்லாந்தில் இருந்த உறவினர் ஒருவர் செல்டிக் மேனேஜர் வில்லி மேலியிடம் பேசி வாய்ப்பு வாங்கித் தந்தார். ஹாமில்டன், கால்ஸ்டன் அணிகளோடு நடந்த அந்த இரண்டு ஆட்டங்களும் செல்டிக்கின் முதல் அணி ஆடிய லீக் ஆட்டங்கள் அல்ல. இரண்டிலும் கூட்டத்தை அசத்தினார். ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை அவரை 'இந்திய வித்தைக்காரர்' என்று தலைப்பில் கொண்டாடியது. அதைப் பலரும் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது. மூன்று லீக் பட்டங்கள் வென்ற ஆட்டக்காரர், அங்கே போனதும் வேடிக்கைப் பொருளாகிவிட்டார்.

அப்போது அவருக்கு வயது 32. அங்கேயே இருந்திருந்தால் ரிசர்வ் அணியில், அதாவது இரண்டாம் நிலை அணியில், ஓரிரு வருடம் ஆடியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வந்ததால் 1937, 1938 பட்டங்களிலும் பங்கேற்றார். அவர் எதையும் இழக்கவில்லை, எஸ்.எம். ஐந்து வருட வெற்றியை மறந்துவிட்டு இரண்டு ஆட்டங்களை மட்டும் ஞாபகம் வைத்திருப்பது நாம்தான்.

அந்த முகமதன் அணியின் மற்ற வீரர்களையும் தேடிப் பாருங்கள். பெங்களூரிலிருந்து போய் ஆடியவர்களும் அதில் உண்டு. அவர்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.