மீன் சந்தையில் ஒரு கேள்வி

கடிதம்:

வணக்கம் சேர். நான் மூதூர். ஏ.எல். முடித்துவிட்டேன். தொலைக்காட்சிச் செய்தியாளராக வேண்டும், மேரி கொல்வின் மாதிரி போர்முனையில் கேமரா முன் நின்று பேச வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. எந்த டிப்ளோமா படிக்கலாம்? என் பேச்சில் ஊர்வாடை அடிக்கிறது என்று சிரிக்கிறார்கள். வீட்டிலும் விருப்பமில்லை.

பதில்:

பிள்ளை, போன கிழமைதான் என் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே நான் தொலைக்காட்சிக்கு ஊர்ச் செய்தியாளனாக இருந்த காலத்தில் படம் பிடித்த சின்னக் கேசட்டுகள், உப்புக் காற்றுக்குப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. மறுநாள் உங்கள் கடிதம். அதனால்தான் எழுதுகிறேன்.

மேரி கொல்வின் தொலைக்காட்சிக்காரர் இல்லை, லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையின் செய்தியாளர். 2001இல் வன்னிக்குப் போய்த் திரும்பும்போது ஒரு கண்ணை இழந்தார், 2012இல் சிரியாவின் ஹோம்ஸில் கொல்லப்பட்டார். செய்தியாளராகப் போகிறவர் இதையாவது சரிபார்த்திருக்க வேண்டாமா? ஊர்வாடைக்குச் சிரிக்கிறவர்களை விடுங்கள், ழகரம் வந்தால் போதும்.

வீட்டாரோடு சண்டை போடாதீர்கள். அவர்கள் சும்மா பயப்படவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றது இராணுவம். உடல்களில் இருந்தது துப்பாக்கிச் சூடு என்று காட்டியவை சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். 'சுடர் ஒளி'யின் பகுதிநேரச் செய்தியாளர் அவர். அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவரைச் சுட்டார்கள். அவர் எந்தக் கேமரா முன்னும் நிற்கவில்லை, பின்னால்தான் நின்றார். உங்கள் ஆசையில் அந்தப் பின்பக்கம் எங்கே?

கொழும்பிலிருந்து வருகிற செய்தியாளர் வேலை முடிந்ததும் வான் வண்டியில் ஏறிப் போய்விடுவார். ஊர்ச் செய்தியாளர் எங்கே போவது? செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு, மாதச் சம்பளம் கிடையாது, பெட்ரோலும் தன் கைக்காசு. அதைக்கூடப் பொறுக்கலாம். படம் பிடித்த ஆட்களை மறுநாள் சந்தையில் பார்க்க வேண்டுமே, அதுதான் கஷ்டம். இதை எந்த டிப்ளோமாவிலும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

2004 சுனாமிக்கு மூன்றாம் நாள் நிலாவெளியில் ஓர் அக்கா, பிள்ளையின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் இருந்தார். அழவில்லை. சட்டையின் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். நான் அதோடு வந்திருக்கலாம். மைக்கை நீட்டி, "இப்ப உங்களுக்கு என்ன மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். உடைந்துபோனார். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான், மறைப்பானேன். கேசட்டை என்வலப்பில் போட்டு ஒட்டி, கொழும்பு இரவு பஸ் கண்டக்டரின் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

அந்தத் தொலைக்காட்சி அந்த அழுகையை அடுத்த டிசம்பர் 26க்கும் போட்டது, அதற்கடுத்ததற்கும் போட்டது. நாலாவது வருஷமோ என்னவோ, டவுன் மீன் சந்தையில் சூடை வாங்கிக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் அவர். கோபமே இல்லாமல் கேட்டார்: "தம்பி, இன்னும் எத்தினை வருஷத்துக்கு என்னை அழ வைப்பினம்?" கொழும்புக்குப் போன் எடுத்தேன். படம் தங்கள் சொத்து என்றார்கள். அதுவும் சரிதான், விற்றது நான்.

"என்ன மாதிரி இருக்கு" என்று கேட்காதீர்கள், பிள்ளை. என்ன நடந்தது என்று கேளுங்கள், பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், அல்லது மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அழுவதும் அழாததும் அவர்கள் பாடு. நீங்கள் கேமராவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், போர்முனையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அங்கே யாரோடு பேசுவீர்கள் என்று ஒரு வரி இல்லை. அதற்குத்தான் எனக்குக் கோபம்.

டிப்ளோமா கேட்டிருந்தீர்கள், இல்லையா? கேமராவையும் எடிட்டிங்கையும் கையால் பழக விடுகிற இடமாகப் பார்த்துச் சேருங்கள். டவுனுக்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள், டின்னைக் காட்டுகிறேன். மீன் வேண்டுமானால் வரும்போது நீங்களே வாங்கி வாருங்கள். நான் இப்போது வாசலுக்கு வரும் சைக்கிள்காரரிடம்தான் வாங்குகிறேன், அவரிடம் சில நாள் சாளை மட்டும்தான் இருக்கும்.