அணைத்தும் அணையாத கார்டு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்பெனியில் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள், எழுதுகிறேன். முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் வைக்கும் டேட்டா லாகர்தான் எங்கள் வேலை. லினக்ஸ், போர்டிலேயே பதித்த ஈஎம்எம்சி என்ற மெமரி சிப்பிலிருந்து பூட் ஆகும். அளவுகள் எஸ்டி கார்டில் பதிவாகும். ப்ராசஸர் தொங்கினால் அதைத் திரும்பக் கிளப்பும் வாட்ச்டாக்கால் ரீசெட் ஆகி எழும்பினால் சில நேரம் கார்டே தெரிவதில்லை. ஆள் போய் பவரை நிறுத்திப் போட்டால்தான் வருகிறது. கார்டுக்கு 3.3 வோல்ட் தரும் லோட் சுவிட்ச் ஒரு ஜிபிஐஓவில், அதாவது மென்பொருள் ஆன், ஆஃப் செய்யக்கூடிய ப்ராசஸர் பின்னில், இருக்கிறது. அதை ஆஃப் செய்து, 50 மில்லிசெகண்ட் விட்டு, ஆன் செய்ய கார்டை இயக்கும் டிரைவருக்குள் நாலு வரி எழுதினேன். பெரும்பாலும் வேலை செய்கிறது. ஆனால் சீனியர், "இதை ரெகுலேட்டராக டிவைஸ் ட்ரீயில் எழுது" என்கிறார். அதாவது, போர்டில் எது எங்கே என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பில், அணைத்துப் போடக்கூடிய ஒரு மின்சப்ளையாக. எழுதிப் பார்த்தேன், பழைய கோளாறு அப்படியே வந்துவிட்டது. ஒரு பின்னை ஆட்ட இவ்வளவு சுற்று எதற்கு? டிவைஸ் ட்ரீயும் சர்க்யூட்டும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பி,

முதலில் கோளாறு எங்கே என்று பார்த்துவிடுவோம். வேகமான எஸ்டி கார்டு 3.3 வோல்ட்டில் பேச ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் சிக்னலை 1.8 வோல்ட்டுக்கு இறக்கும். அப்படி இறங்கிய கார்டு திரும்ப 3.3க்கு ஏற ஒரே வழி, அதன் மின்சாரம் முழுதாகப் போய் வருவது. வாட்ச்டாக் அடிக்கும்போது ப்ராசஸர்தான் புதிதாகப் பிறக்கிறது. உங்கள் சர்க்யூட்டில் சுவிட்சின் எனேபிள் பின்னுக்குப் புல்-அப், அதாவது அதை ஹையிலேயே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர், இருப்பதால் சுவிட்ச் ஆனிலேயே நிற்கிறது, கார்டுக்கு எதுவுமே நடக்கவில்லை. ப்ராசஸர் 3.3இல் கூப்பிடுகிறது, கார்டு 1.8இல் காத்திருக்கிறது.

இதற்காக நீங்கள் எழுதிய நாலு வரி லினக்ஸில் கார்டுகளைக் கவனிக்கும் எம்எம்சி கோரில் ஏற்கெனவே இருக்கிறது. கார்டைத் தேடும்போது 400 கிலோஹெர்ட்ஸில் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் இல்லையென்றால் பவரை ஆஃப் செய்துவிட்டு 300, 200, 100 என்று இறங்கும். ஒவ்வொரு முறையும் ஆஃப், ஆன். ஆனால் எந்த சுவிட்சை அணைப்பது என்று அதற்குத் தெரிய வேண்டுமே. டிவைஸ் ட்ரீயில் விஎம்எம்சி-சப்ளை என்ற ஒரு வரி அதைத்தான் சொல்கிறது. டிரைவர் "இந்தக் கார்டுக்கு மின்சாரம் வேண்டும், வேண்டாம்" என்று மட்டும் கேட்கும். அது எந்தப் பின், ஹையில் ஆன் ஆகுமா லோவில் ஆகுமா என்பதெல்லாம் போர்டின் சமாச்சாரம். டிரைவருக்குள் பின் எண்ணை எழுதினால் அடுத்த போர்டுக்கு ஒரு இஃப், அதற்கடுத்ததற்கு இன்னொரு இஃப் என்று போய்க்கொண்டே இருக்கும்.

பிறகு ஏன் உங்களுக்கு வேலை செய்யவில்லை? நீங்கள் அனுப்பிய டிவைஸ் ட்ரீயில் அந்த ரெகுலேட்டருக்குக் கீழே ரெகுலேட்டர்-ஆல்வேஸ்-ஆன் என்று ஒரு வரி இருக்கிறது. வேறு எந்த போர்டிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். யாரும் உரிமை கோராத ரெகுலேட்டர்களை லினக்ஸின் மையமான கர்னல், பூட் முடிந்து 30 விநாடியில் அணைத்துவிடும். அதற்குப் பயந்து பலரும் இந்த வரியைப் போட்டுவிடுவார்கள். அது இருக்கும்வரை டிரைவர் "அணை" என்றால் கர்னலில் ரெகுலேட்டர்களைக் கவனிக்கும் ரெகுலேட்டர் கோர் அணைக்காது, பிழை என்றும் சொல்லாது. அணைத்தாகிவிட்டது என்று டிரைவர் நம்பிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகும். அந்த வரியை எடுங்கள்.

எடுத்தாலும் பாதிதான் தீரும். ஆன் செய்வது சுலபம், ஆஃப் செய்வதுதான் பெரிய வேலை. பவர் சைக்கிள் என்றால் கார்டின் மின்னழுத்தம் 0.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி, குறைந்தது 1 மில்லிசெகண்டாவது அங்கே நிற்க வேண்டும் என்கிறது எஸ்டி விதி. எம்எம்சி கோர் அணைத்தபின் அந்த 1 மில்லிசெகண்ட் மட்டும்தான் காத்திருக்கும். கார்டு சாக்கெட் அருகே நீங்கள் வைத்திருப்பது 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். அது வடிய உங்கள் சர்க்யூட்டில் இருக்கும் வழி ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். கார்டு இழுப்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 3.3இலிருந்து 0.5க்கு வர ஏறக்குறைய 190 மில்லிசெகண்ட் ஆகும். நீங்கள் விட்ட 50 மில்லிசெகண்டில் இன்னும் 2 வோல்ட் மிச்சம். 'பெரும்பாலும்' வேலை செய்ததற்குக் காரணம், கார்டு தானும் கொஞ்சம் இழுத்து வடித்துக்கொள்வதுதான். கார்டுக்குக் கார்டு அது மாறும்.

ரெகுலேட்டரில் இதற்கென்றே ஆஃப்-ஆன்-டிலே என்று ஒரு பண்பு உண்டு. மைக்ரோசெகண்டில் எழுத வேண்டும், 250000 போடுங்கள். அடுத்த ரிவிஷனில் 100 ஓம் வழியாக வடிய விடும் சுவிட்சைப் போட்டால் 2 மில்லிசெகண்டுக்குள் வேலை முடிந்துவிடும், அப்போது டிவைஸ் ட்ரீயில் அந்த எண்ணை மட்டும் குறைத்தால் போதும். டிரைவரைத் தொட வேண்டாம்.

எண்ணை மட்டும் நம்பாமல், மின்னழுத்தத்தைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பை வைத்துப் பாருங்கள். அணைத்தபிறகு கோடு பூஜ்யத்துக்கு இறங்காமல் ஒரு வோல்ட் பக்கத்தில் தொங்கிக்கொண்டு நின்றால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பலனில்லை. உங்கள் டேட்டா, கமாண்ட் கோடுகளின் புல்-அப் எல்லாம் எப்போதும் இருக்கும் 3.3இல் கட்டப்பட்டிருக்கின்றன. முன்வாசலை அடைத்த மின்சாரம் அந்த வழியாகக் கார்டுக்குள் போகும். புல்-அப்களைச் சுவிட்சுக்குப் பின்னால் வரும் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். இதை எந்த டிரைவராலும் சரிசெய்ய முடியாது.

அப்புறம் நீங்கள் கடிதத்தில் சொல்லாத ஒன்று சர்க்யூட்டில் இருக்கிறது: வைஃபை மாட்யூலும் அதே சுவிட்சில்தான் தொங்குகிறது. உங்கள் நாலு வரி கார்டுக்காக அணைக்கும்போது வைஃபையும் சேர்ந்து சாகும். ரெகுலேட்டர் கோர் அப்படி விடாது, யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணி வைத்திருக்கும். தோவாளைச் சானலில் ஒரு வயல்காரர் போதும் என்றதும் மடையை அடைத்துவிட முடியுமா, கீழே இன்னொருவர் வயலுக்குப் பாய்ந்துகொண்டிருக்கும்போது? ஆனால் அதனாலேயே, வைஃபை ஓடும்போது கார்டு மாட்டிக்கொண்டால் பவர் சைக்கிள் நடக்காது. இது போர்டின் குறை. டிவைஸ் ட்ரீயில் இரண்டு பேருக்கும் அதே சப்ளையை எழுதினால் இந்தக் குறை காகிதத்திலேயே தெரிந்துவிடும், முப்பந்தல் காற்றில் கோபுரத்தடியில் நின்று கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சீனியர் சொன்னது இதற்காகத்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ரெகுலேட்டர் பிடித்துப்போனதும் ஈஎம்எம்சியின் ரீசெட் பின்னையும் ரெகுலேட்டராக வேஷம் கட்டிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு பவர் சீக்வன்ஸ் என்று தனி ஏற்பாடு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

இப்போது காற்றாலையில் ஏற்கெனவே இருக்கும் பெட்டிகளுக்கு என்ன செய்வது? டிவைஸ் ட்ரீயில் கார்டு இருக்கும் கன்ட்ரோலரின் கீழ் நோ-1-8-வி என்று ஒரு வரி சேருங்கள். கார்டு 1.8க்கு இறங்கவே இறங்காது, ரீசெட்டுக்குப் பின் குழப்பமும் வராது. வேகம் உச்சமாக விநாடிக்கு 25 மெகாபைட் என்று நின்றுவிடும். காற்றின் வேகத்தையும் சுழற்சியையும் எழுதும் பெட்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம். இதைப் போட்டதால் ரெகுலேட்டர் வேலையை விட்டுவிடாதீர்கள், கார்டு வேறு காரணங்களுக்காகவும் தொங்கும். புல்-அப் மாற்றிய சர்க்யூட் தயாரானதும் அனுப்புங்கள், வைஃபைக்குத் தனி சுவிட்ச் போட்டு.