டேங்க் யூனிட் புதிதாக மாற்றிய பிறகும் பெட்ரோல் மீட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை. மீட்டரையும் மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் வண்டி பழைய பெட்ரோல் அம்பாசடர். முன்பு முள் அசையவே இல்லை. டேங்க்குக்குள் பெட்ரோல் அளவை உணரும் டேங்க் யூனிட்டைப் புதிதாகப் போட்டதும் அசைகிறது, ஆனால் டேங்க்கை வாய்வரை நிரப்பினாலும் பாதியைத் தாண்டவில்லை. ‘யூனிட் புதுசு, அதனால் மீட்டர்தான் போயிருக்கும்’ என்கிறார் மெக்கானிக். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அளந்து பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. யூனிட்டை மாற்றும்போது கை பட்ட இடங்கள் மூன்று: ஒயர் முனை, எர்த், மிதவைக் கம்பி. கோளாறை அங்கேதான் முதலில் தேட வேண்டும். புதுப் பொருள் என்பதாலேயே அது சரியான பொருள் ஆகிவிடாது.

கரண்ட் போகும் வழி எளிமையானது. சாவியைத் திருப்பினால் ஃபியூஸ் வழியாக மீட்டருக்கு, மீட்டரிலிருந்து ஒரே ஒயரில் டேங்க் யூனிட்டுக்கு, யூனிட்டின் உடம்பு வழியாக எர்த்துக்கு, அதாவது வண்டியின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்கு. யூனிட்டுக்குள் இருப்பது ஒரு மின்தடை. மிதவை ஏறி இறங்க, அந்தத் தடையின் ஓம் அளவு மாறும். முள் காட்டுவது பெட்ரோலை அல்ல, இந்த ஓம் அளவைத்தான். வழியில் எங்காவது துருவோ பெயிண்டோ கூடுதல் தடையாகப் புகுந்தால் அதையும் சேர்த்தே காட்டும்.

ஆகவே யூனிட்டில் ஒயர் சேரும் இடத்தில் சர்க்யூட்டை இரண்டாகப் பிரியுங்கள். ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒரு முனையை யூனிட்டின் ஒயர் முனையிலும் மற்றொன்றை யூனிட்டின் உலோக உடம்பிலும் வையுங்கள். அதற்கு முன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். வரும் அளவு மல்டிமீட்டர் ஒயரின் சொந்தத் தடை, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். டேங்க் நிறைந்திருக்கும்போது என்ன வருகிறது என்று எழுதி வையுங்கள். உங்கள் கேள்விக்கு அதைவிட முக்கியமான எண் வேறில்லை.

கழற்றிய பழைய யூனிட்டைத் தூக்கிப் போடவில்லை என்று நம்புகிறேன். அது நடுவில் தேய்ந்திருந்தாலும், இரண்டு கோடிகளிலும் பெரும்பாலும் அளவு காட்டும். கம்பியை மேலே தூக்கி ஒரு அளவு, கீழே இறக்கி ஒரு அளவு எடுங்கள். உங்கள் மீட்டர் எதிர்பார்க்கும் ஓம் அதுதான். மேலே தூக்கியபோது வந்த அளவை, முன்பு எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏனென்றால் எல்லா யூனிட்டும் ஒரே கணக்கில் செய்யப்படுவதில்லை. சந்தையில் பொதுவாகக் கிடைப்பதில் ஒரு வகை, காலியில் 240 ஓம், நிறைந்தால் 33. பழைய ஃபோர்டு வகையில் காலியில் சுமார் 73, நிறைந்தால் 10. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் தலைகீழ்: காலியில் 0, நிறைந்தால் 90. ஸ்க்ரூ ஓட்டை பொருந்துகிறது, கம்பி நீளமும் ஒத்துவருகிறது என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஓம் பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

பொருந்தாவிட்டால் என்ன ஆகும்? 240-33 மீட்டருக்கு 0-90 யூனிட் போட்டிருந்தால், நிறைந்த டேங்க்கில் 90 ஓம் வரும். அந்த மீட்டரில் பாதிக்கோடு சுமார் 103 ஓமில் இருப்பதால் முள் பாதியைச் சற்றே தாண்டி நின்றுவிடும். நீங்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் இந்தக் கோளாறுக்கு இன்னொரு அடையாளம் உண்டு: வண்டி ஓட ஓட, பெட்ரோல் குறையக் குறைய, முள் மேலே ஏறும். அப்படி ஏறினால் வேறு எதையும் தேட வேண்டாம், யூனிட்டைத் திருப்பிக் கொடுத்து சரியானதை வாங்குங்கள். ஏறாமல் முறைப்படி இறங்கினால் அடுத்ததைப் பாருங்கள்.

அடுத்தது எர்த். என் அனுபவத்தில் யூனிட் மாற்றிய பிறகு வரும் புகார்களில் அதிகம் மாட்டுவது இதுதான். பழைய யூனிட்டின் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்தாலும் தகரத்தோடு தகரமாக ஒட்டியிருந்தன. புதிது போடும்போது டேங்க்கைச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிக்கிறார்கள், புது ரப்பர் கேஸ்கட் வைக்கிறார்கள், கசியக்கூடாது என்று ஸ்க்ரூவில் பேஸ்டும் தடவுகிறார்கள். எல்லாம் நல்ல வேலைதான், ஆனால் எர்த் போய்விடுகிறது. ஒருமுறை வந்த ஒரு அம்பாசடரில் பகலில் மீட்டர் ஓரளவு சரியாக இருக்கும், இரவில் ஹெட்லைட் போட்டதும் முள் கால் பங்கு இறங்கும், இண்டிகேட்டர் போட்டால் அதன் தாளத்துக்கு ஆடும். பின்விளக்குகளும் டேங்க்கும் ஒரே எர்த் முனையைப் பகிர்ந்துகொண்டிருந்தன. போல்ட்டுக்கு அடியில் வளையம் முழுக்கப் பச்சையாகப் பூத்திருந்தது, அதற்கு மேலேயே கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, யூனிட்டுக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் கொடுத்ததும் முள் அசையாமல் நின்றது.

உங்கள் வண்டியில் இதைச் சோதிப்பது சுலபம். ஒயரை மறுபடி மாட்டி, சாவியை ஆன் செய்து, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை யூனிட்டின் உடம்பிலும் மற்றதை பேட்டரி நெகட்டிவிலும் பிடியுங்கள். லைட்டைப் போட்டும் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் தனி எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள்.

எர்த்தும் சரி, ஓம் வகையும் சரி, ஆனால் டேங்க் நிறைந்தும் யூனிட் நடு அளவிலேயே நிற்கிறது என்றால் மிதவை மேலே வரமுடியாமல் தட்டுகிறது. உள்ளே விடும்போது கம்பி வளைந்திருக்கலாம், அல்லது யூனிட் சற்றுத் திரும்பி உட்கார்ந்து, கம்பி டேங்க்கின் உள் தடுப்பிலோ பெட்ரோல் குழாயிலோ இடிக்கலாம். கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கழற்றும் முன் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், எடுத்ததும் டேங்க் வாயை மூடிவிடுங்கள். நிறைந்த டேங்க்கைவிட அரைகுறை டேங்க்கின் ஆவி ஆபத்தானது, ஒரு சிறு பொறி போதும். வெளியே எடுத்த யூனிட்டை டேங்க்கிலிருந்து தள்ளி வைத்து, கம்பியை மெதுவாகத் தூக்கிக்கொண்டே ஓமைப் பாருங்கள். அளவு சீராக நகர வேண்டும். நடுவில் சட்டென்று தொடர்பு அறுந்து திரும்ப வந்தால் புது யூனிட்டே பழுது. மிதவையைக் காதருகே குலுக்கியும் பாருங்கள். உள்ளே சளசளத்தால் அது ஓட்டை.

மீட்டர் பக்கத்துக்கு இப்போதுதான் வருகிறேன். யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றி நேராக பாடியில் தொட்டுப் பார்ப்பது பலரின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. டேங்க் அருகே பொறி வரும், உள்ளே உள்ள தகடு சூடேறி வளைந்து முள்ளை நகர்த்தும் வகை மீட்டராக இருந்தால் அதன் உள்சுருள் அதிக நேரம் தாங்காது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் 5 வாட் மின்தடைகள் சில ரூபாய்க்குக் கிடைக்கும். 10, 33, 68, 220 ஓம் என்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாவி ஆஃபில் இருக்கும்போதே, பழைய யூனிட்டின் நிறைந்த அளவுக்கு நெருக்கமான ஒன்றை ஒயருக்கும் நல்ல எர்த்துக்கும் நடுவில் மாட்டிவிட்டு, பிறகு சாவியை ஆன் செய்யுங்கள். சூடேறும் வகையில் முள் மெதுவாகத்தான் ஏறும், ஒரு நிமிடம் வரை பொறுங்கள். முழுக்கோட்டை எட்டினால் மீட்டரும் ஒயரும் குற்றமற்றவை.

எட்டாவிட்டாலும் உடனே மீட்டரை வாங்காதீர்கள். சூடேறும் வகை மீட்டர் உள்ள பழைய வண்டிகளில் மீட்டர் போர்டுக்குப் பின்னால் ஒரு சிறு தகரப் பெட்டி இருக்கும். அது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரி கரண்டை விட்டுவிட்டுக் கொடுத்து சராசரி 10 வோல்ட் ஆக்கும். அதன் கோளாறைக் கண்டுபிடிக்கப் பக்கத்து மீட்டரே போதும். டெம்பரேச்சர் மீட்டரும் அதே ஸ்டெபிலைசரில்தான் ஓடும். இரண்டும் சேர்ந்து குறைவாகவோ கூடுதலாகவோ காட்டினால் பெட்டிதான் காரணம். அதன் எர்த் போனால் முழு 12 வோல்ட்டும் போய் இரண்டுமே கூடுதலாகக் காட்டும். டெம்பரேச்சர் ஒழுங்காக இருந்து பெட்ரோல் மட்டும் தவறினால் பெட்டியை விட்டுவிடலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: பெட்ரோல் பம்ப்போடு யூனிட்டும் சேர்ந்தே வரும் இந்தக் காலத்து இன்ஜெக்‌ஷன் கார்களில் இந்த மின்தடை வேலையைச் செய்யாதீர்கள். அங்கே சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஸ்கேனரில் எரிபொருள் அளவு எத்தனை சதவீதம் வருகிறது என்று பார்த்து, முள்ளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

மீட்டரை மாற்றச் சொல்ல எனக்கு ஒரே நிலைமைதான் போதுமானது. டெம்பரேச்சர் மீட்டர் சரி, பெட்ரோல் மீட்டருக்குக் கரண்ட் வருகிறது, அதன் பின்னால் யூனிட் ஒயர் சேரும் முனையிலேயே அந்த மின்தடையை மாட்டி எர்த் கொடுத்தும் முள் முழுக்கோட்டுக்குப் போகவில்லை. அந்த முனையில் மாட்டும்போது ஏறி, டேங்க் பக்கத்தில் மாட்டும்போது ஏறாவிட்டால் நடுவில் உள்ள ஒயரை மாற்றுங்கள், மீட்டரை அல்ல.