வாங்கும் முன்: 6/6 இருந்தும் மாடு தெரியவில்லை

கேள்வி: கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்து 6/6 என்றார்கள். பொழுது சாய்ந்து பைக் ஓட்டினால், ரோட்டில் படுத்திருக்கும் மாடு பக்கத்தில் போன பிறகுதான் தெரிகிறது. டெஸ்ட் பொய்யா?

பதில்: பொய்யில்லை. ஆனால் உங்களுக்குத் தேவையான டெஸ்ட் அதுவல்ல. 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்று கடைதோறும் போர்டு தொங்குகிறதே, அது பெரும்பாலும் ஆட்டோ ரிஃப்ராக்டர், அதாவது கண்ணாடிப் பவரை அளக்கும் மெஷின். தாடையை வைத்துப் பார்த்தால் பவரும் ஆக்ஸிஸும் (சிலிண்டர் பவரின் கோணம்) அச்சடித்த சீட்டு வரும், அவ்வளவுதான். 6/6 என்பதோ வெள்ளையில் கன்னங்கரேல் எழுத்தைப் படித்த கணக்கு. மங்கல் வெளிச்சத்தில் சாம்பல் ரோட்டில் சாம்பல் மாட்டைப் பிரித்தறிவது கான்ட்ராஸ்ட் சென்சிட்டிவிட்டி. அதை அளக்க 1988-ல் வந்த பெல்லி-ராப்சன் அட்டையில் எழுத்தெல்லாம் ஒரே அளவு. 1 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க வேண்டும். மூன்று மூன்று எழுத்தாக மங்கிக்கொண்டே போகும், ஒரு படி இறங்க 0.15 லாக் (லாக் என்பது இந்த டெஸ்டின் மதிப்பெண், எவ்வளவு கூடுதலோ அவ்வளவு மங்கலையும் கண் பிரித்தறியும்). கண்புரை, குளுக்கோமா, சர்க்கரை நோய் இருந்தால் 6/6 படிக்கும்போதே இந்த லாக் மதிப்பு இறங்கியிருக்கலாம். இதைச் சொல்லாமல் 'முழுப் பரிசோதனை' என்று போர்டு வைப்பது எனக்கு நெடுநாள் ஆத்திரம். கண் மருத்துவரிடம் டெஸ்டின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். மதிப்பு 1.5-க்குக் கீழே இருந்தால் காரணம் தெரியாமல் விடாதீர்கள்.

கேள்வி: இரவு ஓட்ட மஞ்சள் கண்ணாடி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இருக்கிற வெளிச்சத்தையும் அது குறைக்கும்.

கேள்வி: போன் ஆப்பில் கான்ட்ராஸ்ட் டெஸ்ட் எடுத்தேன், நேற்று 1.9, இன்று 1.5. எது சரி?

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். ஆட்டோ பிரைட்னஸையும் நைட் மோடையும் அணைத்தீர்களா? தூரத்தை டேப்பால் அளந்தீர்களா? சாதாரணத் திரையில் சாயலுக்கு 0 முதல் 255 வரை எண். வெள்ளைக்கு 255, அடுத்த படி 254. காமா (எண்ணை வெளிச்சமாக மாற்றும் விகிதம்) 2.2 என்றால் அந்த ஒரு படியே சுமார் 0.9 சதவீத கான்ட்ராஸ்ட். அதாவது சுமார் 2.07 லாக். அதைவிட மெல்லிய சாயலைக் காட்ட டிதரிங் (பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து இடைச் சாயல் காட்டுவது) போன்ற தனி உத்தி வேண்டும்.

கேள்வி: என் கண்ணாடிக் கடைக்கு 18,000 ரூபாய்க்கு கான்ட்ராஸ்ட் டெஸ்ட் சாஃப்ட்வேர் வாங்கினேன். பழைய மானிட்டரில் ஆளுக்கு ஆள் ரீடிங் மாறுகிறது.

பதில்: மானிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பணத்தைக் கொடுத்தது உங்கள் தவறு. டி.என். பேனல் (மலிவான எல்.சி.டி. வகை) என்றால் தலை சாய்ந்தாலே கான்ட்ராஸ்ட் மாறும். விலை மலிவென்று நானும் ஒன்று வாங்கி நஷ்டப்பட்டிருக்கிறேன். கோணம் மாறினாலும் சாயல் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். திரை வாங்குங்கள், அரை மணி நேரம் சூடாக விடுங்கள், ஃபோட்டோமீட்டரால் (வெளிச்சம் அளக்கும் கருவி) அளவு திருத்துங்கள். மைக்கேல் பாக் எழுதிய ஃப்ரைபர்க் டெஸ்ட் என்ற கண் பரிசோதனை சாஃப்ட்வேர் இலவசம். அதை முதலில் ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு 'கான்ட்ராஸ்ட் பேக்கேஜ்' என்று 2,500 ரூபாய் வாங்கினார்கள். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்ற ஒரு சொல்தான்.

பதில்: அம்மாவை ஏமாற்றியிருக்கிறார்கள். எந்த டெஸ்ட், என்ன தூரம், ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாக லாக் மதிப்பு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.